ரயில் கூடவே வரும் ஆற்றோரம்: பவேரியாவில் இரண்டு நாள், ஆல்ட்மூல் பள்ளத்தாக்கு

கேள்வி, 14 மே 2025

மியூனிக்கில் வேலை. ஜூன் 19 வியாழக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கும் லீவு சொல்லிவிட்டேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நன்றாக நடப்பார், சைக்கிளைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்கோ சைக்கிள் ஓட்ட வேண்டும், உடம்பு அசைய வேண்டும். இரண்டு நாளில் ஃபுஸ்ஸன் பக்கத்து நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, கார்மிஷ், பெர்க்டெஸ்காடன் ஏரி மூன்றையும் சேர்க்க வழி உண்டா? கார் இல்லை.

14 மே, இரவு

வழி உண்டு, சேர்க்காதீர்கள். மூன்றும் ஆல்ப்ஸ் மலையடியில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று நேர் ரயில் கிடையாது. ஒவ்வொரு முறையும் மியூனிக் பக்கம் வந்து திரும்பிப் போக வேண்டியிருக்கும். உடம்பு அசைய வேண்டும் என்கிறீர்கள், இந்தத் திட்டத்தில் அசைவது ரயில் மட்டும்தான். அம்மாவுக்கு நினைவில் நிற்கப்போவது பிளாட்பாரங்கள்.

தெற்கே எல்லோரும் போகிறார்கள். நீங்கள் வடக்கே போங்கள். மியூனிக்கிலிருந்து இங்கோல்ஸ்டாட் வழியாக நியூரம்பெர்க் போகும் ஆர்பி 16 ரயில், ஆல்ட்மூல் ஆற்றங்கரையில் வரிசையாக ஐந்து நிலையங்களில் நிற்கிறது: ஐக்ஷ்டெட், டோல்ன்ஸ்டைன், சோல்ன்ஹோஃபன், பாப்பன்ஹைம், டிரொய்ஷ்ட்லிங்கன். ஆற்றோடு சேர்ந்தே சைக்கிள் பாதையும் போகிறது. முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவே சைக்கிள் பாதையில் சுமார் 40 கிலோமீட்டர். எந்த ஊரிலும் நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம். கால் வலித்தால், மழை பிடித்தால், அம்மா போதும் என்றால், அடுத்த நிலையம் பக்கத்திலேயே இருக்கும். குறுகிய பயணத்துக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

15 மே

"ஆல்ட்மூலா, அங்கே என்ன இருக்கிறது?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். பனிமலை இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், சரிவுகளில் ஆடு மேய்கிற புல்வெளி, அதன் நடுவே ஜூனிபர் புதர்கள், கீழே அவசரமே இல்லாத ஒரு ஆறு. பவேரியாவிலேயே மிக மெதுவாக ஓடும் ஆறு என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆகும். பாதை சமதளமாக இருப்பதற்கும் அதுவே காரணம். சைக்கிள் விட்டுப்போனவர்கள் திரும்ப ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று. டோல்ன்ஸ்டைன் வந்ததும் பள்ளத்தாக்கு திடீரென்று அகன்றுவிடும். இவ்வளவு சின்ன ஆறு இத்தனை பெரிய பள்ளத்தாக்கை எப்படிக் குடைந்தது என்று கேட்கத் தோன்றும். குடைந்தது ஆல்ட்மூல் இல்லை, டான்யூப். பனியுகக் காலம் வரை டான்யூப் தெற்கிலிருந்து வெல்ஹைம் வழியாக வந்து, டோல்ன்ஸ்டைனில் திரும்பி, ஐக்ஷ்டெட் வழியாகத்தான் கெல்ஹைமுக்குப் போனது. பிறகு அது தெற்கே வேறு வழி பிடித்துக்கொண்டது. அது விட்டுப்போன வீட்டில் இப்போது ஆல்ட்மூல் குடியிருக்கிறது. டோல்ன்ஸ்டைனில் நின்று தெற்கே பாருங்கள், ஆறே இல்லாத ஒரு பெரிய பள்ளத்தாக்கு வந்து சேரும். அதுதான் பழைய டான்யூப்பின் வழி. தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த இடம் வேறு மாதிரி தெரிகிறது.

15 மே, சற்று நேரம் கழித்து

ஐக்ஷ்டெட்டில் இரண்டு நிலையங்கள் உண்டு, குழம்ப வேண்டாம். பெரிய ரயில் நிற்பது ஐக்ஷ்டெட் பான்ஹோஃப். அது ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாறினால் பத்து நிமிடத்துக்குள் ஐக்ஷ்டெட் ஷ்டாட் வரும். ஊர் அதுதான். பான்ஹோஃபில் வெளியே வந்து "ஊர் எங்கே?" என்று திகைத்து நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சைக்கிளில் டோல்ன்ஸ்டைனிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த நிலையம் ஊருக்கு முன்பே வந்துவிடும். களைத்திருந்தால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம்.

17 மே

டிக்கெட் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும், நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு (2025இல் 58 யூரோவாக இருந்தது). அம்மாவுக்கு இருக்காது. அவருக்கு மட்டும் ஒரு பையர்ன் டிக்கெட், அதாவது பவேரியாவுக்கான ஒரு நாள் சீட்டு எடுங்கள். வேலை நாட்களில் அது காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் விடியற்காலையே புறப்படலாம். ஜூன் 19 பவேரியா முழுவதற்கும் விடுமுறை, ஆகவே வியாழன் அன்று கவலை இல்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், ஆள் கூடக் கூட ஆளுக்கு ஆகும் செலவு குறையும்.

சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும், டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் அது சேராது. ஆனால் மியூனிக்கிலிருந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். விடுமுறை நாள் காலையில் அந்தப் பெட்டி நிரம்பி வழியும். இடம் இல்லையென்றால் அடுத்த ரயிலில் வாருங்கள் என்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. அங்கேயே வாடகைக்கு எடுங்கள், முன்பே பதிவு செய்து.

18 மே

அம்மா விஷயத்தை நேற்று முழுக்க யோசித்தேன். முதல் நாள் எழுதியபோது என் மனதில் இருந்தது இதுதான்: நீங்கள் சைக்கிளில் போங்கள், அம்மா ரயிலில் அடுத்த ஊருக்கு வரட்டும், அங்கே சந்தித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ரயில் கூடவே வருவதால் நடக்கவும் நடக்கும்.

ஆனால் ஜெர்மன் தெரியாத ஒருவர் ஆளில்லாத கிராம நிலையத்தில் தனியாக நின்று, அறிவிப்பு புரியாமல், வந்து நிற்பது சரியான ரயில்தானா என்று தவிப்பதை நினைத்துப் பாருங்கள். தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அது நிலையத்துக்கு வெளியே எங்கோ நிற்கும். அம்மாவைப் பார்சல் அனுப்புவது போல் அனுப்பக்கூடாது. அதனால் வரிசையை மாற்றுகிறேன். முதல் நாள் இருவரும் சேர்ந்து நடப்பது. இரண்டாம் நாள் காலை, அம்மா ஐக்ஷ்டெட்டில் ஓய்வாக ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று மணி நேரம் உங்கள் சைக்கிளுக்கு. டோல்ன்ஸ்டைன் வரை போய்த் திரும்பினால் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். வேகமாக ஓட்ட விரும்புகிறவருக்கு அது போதும்.

18 மே, மாலை

நடைக்கு என் தேர்வு பாப்பன்ஹைமில் இறங்கி சோல்ன்ஹோஃபன். ஆற்றோரமாகச் சுமார் எட்டு கிலோமீட்டர், ஏற்றமே இல்லாத பாதை. பாப்பன்ஹைமை ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது, மேலே பழைய கோட்டை. காலையிலேயே கோட்டை ஏறிவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு வேண்டாம்.

சோல்ன்ஹோஃபனில் சாப்பிட்டுவிட்டு, தெம்பு இருந்தால் இன்னும் மூன்று கிலோமீட்டர் போல நடந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்ற பாறை வரிசை வரை. ஆற்றை ஒட்டிய புல்சரிவில் வெள்ளைத் தூண்களாக நிற்கும். ஜுராசிக் கடலில் கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் கட்டிய திட்டுகள் அவை. சுற்றியிருந்த மென்மையான கல் கரைந்துபோக இவை மட்டும் நின்றுவிட்டன. கீழே ஆற்றுப் பாதையிலிருந்து பார்த்தாலே போதும். மேலே ஏறும் வழி செங்குத்தானது, செருப்போடு ஏறக்கூடிய இடம் இல்லை.

பிறகு சோல்ன்ஹோஃபனுக்கே திரும்பி ரயிலில் ஐக்ஷ்டெட். இரவு தங்கல் அங்கே.

21 மே

ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: ஐரோப்பாவுக்கு வந்த அம்மாவுக்கு அரண்மனையைக் காட்டாமல் கல்லையும் ஆட்டையும் காட்டச் சொல்கிறீர்களே என்று. கேள்வி நியாயமானதுதான், தள்ளிவிடவில்லை. நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையைத் தனியாக ஒரு நாள் போய்ப் பாருங்கள், மியூனிக்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். அதை இந்த இரண்டு நாளோடு கலக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம். அங்கே குறித்த நேரத்துக்கு நுழைந்து, வழிகாட்டியோடு சுற்றி, அரை மணி நேரம் போல ஆனதும் வெளியே வருவோம். இங்கே யாரும் நேரம் குறித்துக் கொடுப்பதில்லை. நம் பெற்றோரை ஊர் சுற்றிக் காட்டும்போது பார்த்த இடங்களின் எண்ணிக்கையில் நாம் பெருமைப்படுகிறோம். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் பிள்ளையோடு அவசரமில்லாமல் பேசிக்கொண்டு நடக்க ஒரு பாதை. இதை என் பெற்றோர் வந்திருந்தபோது கண்கூடாகப் பார்த்தேன். அவர்கள் ஊர் திரும்பிப் பேசியது ஆற்றோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட தயிர்சாதத்தைப் பற்றி.

22 மே

ஐக்ஷ்டெட்டில் அம்மாவுக்கு மூன்று மணி நேரம் போதுமா என்றால், போதாது. 1634இல் ஸ்வீடன் படை இந்த ஊரைக் கொளுத்தியது. அதற்குப் பிறகு ஆயர்கள் (பிஷப்புகள்) இத்தாலியப் பக்கத்துக் கட்டடக்கலைஞர்களை வரவழைத்துப் புதிதாகக் கட்டினார்கள், அதனால்தான் ஜெர்மன் ஊருக்குள் இத்தாலி எட்டிப் பார்க்கிறது. ரெசிடென்ஸ் சதுக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பேராலயத்துக்குள் கட்டணம் இல்லை.

சுற்றுக் கிராமங்களில் வீட்டுக் கூரைகளைக் கவனியுங்கள். ஓடு இல்லை. மெல்லிய சுண்ணாம்புக் கற்பலகைகளை ஆணி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கல் சறுக்கிவிடக்கூடாது என்பதால் கூரை அதிகம் சரிவாக இருக்காது. எடை தாங்க வேண்டும் என்பதால் சுவர் தடிமனாக இருக்கும். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதுவே தலைக்கு மேலும். வருடத்துக்கு வருடம் இந்தக் கூரைகள் குறைந்துகொண்டே வருகின்றன, எனக்கு மனம் கேட்கவில்லை.

26 மே

கல் உடைக்கும் இடத்தைப் பற்றி இதுவரை நானும் எழுதவில்லை, யாரும் எழுதவில்லை! ஐக்ஷ்டெட்டுக்கு மேலே புளூமன்பெர்க் குன்றில் பார்வையாளர்களுக்கான கற்சுரங்கம் இருக்கிறது. சுத்தியும் உளியும் வாடகைக்குக் கொடுப்பார்கள். தட்டுத் தட்டாகப் பிரியும் கல்லை நீங்களே பிளந்து, உள்ளே புதைபடிவம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இது வெப்பமண்டலக் கடல், அதில் உப்பு மிகுந்த தேங்கிய நீர்ப்பரப்புகள். அடியில் ஆக்சிஜன் இல்லை, அதனால் விழுந்த உடலைத் தின்னவோ கலைக்கவோ எதுவும் இல்லை. மாவு போன்ற சுண்ணாம்புச் சேறு மூடிக்கொண்டது. இறகின் நரம்பு வரைக்கும் பதிந்தது அப்படித்தான். 1861இல் ஒரு தனி இறகு கிடைத்தது. அதே காலத்தில் ஒரு முழு உடலும். அதுதான் ஆர்க்கியாப்டெரிக்ஸ், பல்லும் நீண்ட எலும்பு வாலும் கொண்ட பறவை. டார்வினின் கொள்கை வெளிவந்து இரண்டே வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவம் கிடைத்தது இதே புளூமன்பெர்க்கில். 1951இல் ஐக்ஷ்டெட் பக்கம் கிடைத்த இன்னொன்றை, ஊருக்கு மேலே வில்லிபால்ட்ஸ்பூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜுரா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கண்ணாடிக்குப் பின்னால், வாலும் இறகுமாக. நான் அதன் முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடுகிறது.

உங்களுக்குப் பறவை கிடைக்காது. சாக்கோகோமா என்கிற சிலந்தி போன்ற கடல் அல்லி (பெயர்தான் அல்லி, விலங்கு) கிடைக்கலாம், சுருள் ஓடு கொண்ட சின்ன அம்மோனைட் கிடைக்கலாம். அதற்கே துள்ளிக் குதிப்பீர்கள்.

எச்சரிக்கை: நிழல் இல்லை. வெள்ளைக் கல் வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். தொப்பி, தண்ணீர், மூடிய காலணி, கண்ணாடி. சில்லு கண்ணில் தெறிக்கும், பிள்ளைகள் விஷயத்தில் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

27 மே

கல்லச்சு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதே கல்தான். 1796 வாக்கில் மியூனிக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லில் எழுதி அச்சடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் அடிப்படை. அதற்குச் சோல்ன்ஹோஃபன் கல்லைப் போல நுண்மையான கல் வேறெங்கும் கிடைக்கவில்லை, உலகம் முழுக்கக் கப்பலேறியது. நம் வீடுகளுக்கு ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் வந்ததும் கல்லச்சில்தான். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்துக்கு இயந்திரங்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், சோல்ன்ஹோஃபன் தெருவில் நடக்கும்போது அவருக்கும் ஒரு பிடிப்பு வரும்.

2 ஜூன்

படகு. இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானே சைக்கிளை விட்டுவிட்டு அதையே முதலில் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. சோல்ன்ஹோஃபனிலிருந்து டோல்ன்ஸ்டைன் வரை துடுப்புப் படகில் அரை நாள். வாடகைக்குக் கொடுப்பவர்கள் ஆற்றோர ஊர்களில் இருக்கிறார்கள். நீரோட்டம் உங்களைத் தள்ளாது, நீங்கள்தான் துடுப்புப் போட வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் தோள்பட்டை பதில் சொல்லும். அணைக்கட்டுகள் வரும் இடத்தில் கரையேறிப் படகைத் தூக்கிக் கடக்க வேண்டியிருக்கும், சில இடங்களில் படகுக்கென்றே சறுக்குவழி உண்டு. மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நீச்சல் தெரியாத அம்மாவை ஏற்றுவதானால் தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்று சட்டையைத் தவிர்க்கவே கூடாது.

9 ஜூன்

சாப்பாடு, சுருக்கமாக. சைவர்களுக்கு கேஸே ஷ்பெட்ஸ்லே (சீஸ் சேர்த்த நூடுல்ஸ் மாதிரி) எங்கும் கிடைக்கும். வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (அஸ்பாரகஸ்) பருவம் ஜூன் 24 வரைதான். ஷ்ரோபன்ஹவுசன் வயல்கள் பக்கத்திலேயே இருப்பதால் நல்ல சரக்காக வரும், ஹாம் (பன்றி இறைச்சி) வைக்காமல் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வியாழன் கடைகள் எல்லாம் மூடியிருக்கும். புதன் மாலையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வையுங்கள். ஜூன் 19 திருவுடல் திருநாள், கத்தோலிக்க ஊர்களில் காலையில் ஊர்வலம் போகும். பாதை மறித்திருந்தால் எரிச்சல்படாமல் நின்று பாருங்கள். தெரு முழுக்கப் பூ, இசைக்குழு, கொடிகள். அம்மாவுக்கு நம் தேர்த் திருவிழா நினைவு வரக்கூடும்.

உண்ணிகள். புல்லுக்குள் இறங்கினால் நீளமான கால்சட்டை, இரவில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள். பவேரியாவில் ஏறக்குறைய எல்லா மாவட்டங்களும் மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணிகளின் பட்டியலில் இருக்கின்றன. இங்கேயே வாழ்கிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

24 ஜூன்

கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. மதியத்துக்கு மேல் இடி மழை பிடித்துக்கொண்டதாம், அப்போஸ்தலர் பாறை வரை போகாமல் சோல்ன்ஹோஃபனிலேயே ரயிலேறிவிட்டார்கள். அதற்காகத்தான் ரயில் கூடவே வரும் பாதை வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். மலைமேல் இருந்திருந்தால் அதே மழை வேறு கதை.

அம்மா கற்சுரங்கத்தை விட்டு வர மறுத்துவிட்டாராம்! பெரணி இலை படிந்த கல் ஒன்று கிடைத்ததாகப் படம் போட்டிருக்கிறார். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அது இலை இல்லை. கல்லின் இடுக்கில் கசிந்த தண்ணீரிலிருந்த மாங்கனீசும் இரும்பும் கிளை கிளையாகப் படிந்தது, டெண்ட்ரைட் என்பார்கள். உயிரே இல்லாமல் அந்த வடிவம் வந்திருக்கிறது என்பது இலையைவிட எனக்கு வியப்பு. பத்திரமாக வையுங்கள், பெட்டியில் துணிக்கு நடுவே. நுனியில் எளிதாக உடையும்.

28 ஜூன்

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வருகிறதே, அன்று குடும்பத்தோடு போகலாமா என்று புதிதாக ஒரு கேள்வி. போகலாம். ஆனால் அந்த மாதா விண்ணேற்பு விடுமுறை பவேரியாவில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள ஊர்களுக்கு மட்டும்தான். ஐக்ஷ்டெட்டில் கடை மூடியிருக்கும். ஆற்றோடு மேலே போகப் போகப் புராட்டஸ்டன்ட் ஊர்கள் வரும், அங்கே சாதாரண வெள்ளிக்கிழமை, கடை திறந்திருக்கும். ஐக்ஷ்டெட்டில் தங்குவதானால் வியாழன் இரவுக்குள் சாமான் வாங்கிவிடுங்கள். பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் படகையும் அறையையும் இப்போதே பதிவு செய்வது நல்லது.